அக்கா தெரிந்தெடுத்த சட்டப் புத்தகம்

சாட்சியச் சட்டத்தில் இரண்டு முறை தோற்றவன் நான். வாழ்நாள் முழுவதும் அந்தச் சட்டத்தை வைத்தே சோறு தின்றவன் இதை வெளியில் சொல்லலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். தோற்றது உண்மை. மூன்றாம் முறை நான் தேறியதற்குக் காரணம் நெடுந்தீவில் மாடு வளர்த்துக்கொண்டிருந்த என் அக்கா என்பதும் உண்மை. பின்னதைச் சொல்ல வேண்டுமானால் முன்னதை மறைக்க முடியாது.

அப்போது நான் கொழும்பில் பிறக்கிறாசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்சிக்காரருக்காகக் கோட்டில் வழக்குப் பேசுகிறவரை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவோம். மற்றப் பாடங்கள் எல்லாம் ஒருவாறு கரையேறிவிட்டன. சாட்சியம் மட்டும் என்னை விடவில்லை. யார் சொன்னால் எடுக்கலாம், யார் சொன்னால் எடுக்கக்கூடாது, எந்தக் கடதாசியைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று படிக்கும்போது எல்லாம் விளங்கும். வினாத்தாளைக் கண்டவுடன் எல்லாம் கலைந்து போகும்.

இரண்டாம் முறையும் தோற்றபோது, மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் வேலை செய்த பெரிய மாமாவிடமிருந்து என் தகப்பனார் அப்புவுக்குக் கடிதம் வந்தது. பெடியன் இன்னும் ஒருமுறை எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் கப்பலேற்றி விடுங்கள், இங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அப்பு அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார்.  என்னிடம் நீட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சரக்கு வண்டிகளின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு எங்கேயோ ஒரு மூலையில் கிழவனாகிப் போக எனக்கு மனமில்லை. எனக்குக் கோட்டில் நின்று பேசவேண்டும். சிறுவயதில் இருந்தே இருந்த ஆசை அது. அதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு முறை.

தோற்றதற்குக் காரணம் என் மூளை என்று ஊர் நினைத்தது. நான் புத்தகம் என்று நினைத்தேன். இதில் ஊரும் நானும் பாதிப்பாதி சரி. முதல்முறை கல்லூரி நூலகத்தில் இருந்த பெரிய விரிவுரை நூலில் விழுந்து, அதன் அடிக்குறிப்புகளுக்குள்ளேயே நாலு மாதம் கிடந்தேன். பரீட்சைக்குப் போகும்போது பாதி நூல்கூட முடியவில்லை. இரண்டாம்முறை அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். யாரோ எழுதி, யாரோ பார்த்து எழுதி, கைமாறிக் கைமாறி வந்த குறிப்புக் கொப்பி ஒன்றை மனப்பாடம் செய்தேன். கேள்வியை ஒரு சாண் திருப்பிக் கேட்டிருந்தார்கள். நான் விழுந்துவிட்டேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்த வேலணைக்காரன் அந்த முறை தேறிவிட்டான். அவன் போகும்போது தன்னிடம் இருந்த மூன்று சாட்சியச் சட்டப் புத்தகங்களையும் என் றங்குப் பெட்டிக்குள் வைத்தான். "மூண்டையும் பார். ஒண்டை நீ வைச்சுக்கொள். மற்ற ரண்டையும் பத்து நாளுக்குள்ளை எனக்கு அனுப்பிப்போடு. ரண்டு பேர் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூண்டையும் படிச்சியோ, மலாயாதான்" என்றான். நல்ல மனிதன். வாய் மட்டும் கொஞ்சம் கூர்.

சோளகக் காற்றுப் பலமாக வீசிய நாட்கள் அவை. வள்ளத்தில் நெடுந்தீவுக்கு வந்து சேரும்போது நானும் நனைந்திருந்தேன், றங்குப் பெட்டியும் நனைந்திருந்தது. புத்தகங்களை வீட்டு வளவுக்குள் ஒரு பாயில் விரித்துக் காயவைத்தோம். அப்படித்தான் அக்கா அவற்றை முதன்முதலில் கண்டாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அவளும் அத்தானும் எங்கள் வளவிலேயே இருந்தார்கள். பத்துப் பதினைந்து மாடுகள். பால் கறப்பதும், தயிர் கடைவதும், நெய் உருக்குவதும் அவள் கையில். மாடுகளை ஒவ்வொன்றாகத் தெரியும், ஒவ்வொன்றின் தாயும் தாயின் தாயும் தெரியும். எந்த மாடு எந்தக் கல்வேலியைத் தாண்டும், எது தாண்டாது என்பது வரைக்கும் தெரியும். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டாள். கேள்வி கேட்பாள். அதைவிட அவள் உரத்துச் சத்தம் போட்டிருக்கலாம் என்று அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாயில் கிடந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "உதிலை எங்கடை வழக்கைப் பற்றி இருக்கோ?" என்று கேட்டாள்.

எங்கள் வழக்கு என்றால் நாகுகன்று வழக்கு, ஒரு பெண்கன்றைப் பற்றியது. அதற்கு முந்திய ஆண்டு நடந்தது. நான் அப்போது கொழும்பில் இருந்தேன். நெடுந்தீவில் மாடுகள் தம்பாட்டில் மேயும். கன்றுகளைக் காலத்துக்கு ஒருமுறை பட்டிக்கு அடித்துக்கொண்டு வந்து அவரவர் குறியைச் சுடுவார்கள். குறி சுடும்வரைக்கும் கன்று எந்தப் பசுவில் பால் குடிக்கிறதோ அந்தப் பசுவின் சொந்தக்காரருடையது. எங்கள் பசு ஒன்றின் நாகுகன்றை மேற்குப் பக்கத்து ஆள் ஒருவர் பிடித்துத் தன் குறியைச் சுட்டுவிட்டார். விடியற்காலை துரவில் தண்ணீர் அள்ளப் போன அக்கா அதைக் கண்ணால் கண்டாள். சூடு போட்டதையும் கண்டாள். அவிழ்த்துவிட்டவுடன் கன்று கத்திக்கொண்டு எங்கள் பசுவிடம் ஓடியதையும் கண்டாள். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறைப்பாடு போயிற்று. அவர் எழுதி அனுப்ப, ஊர்காவற்றுறைக் கோட்டில் வழக்கு வந்தது.

சாட்சி சொல்லப் போனவர் அத்தான்.

இதை இன்று சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் யார் கண்டாலும் வெளியில் சொல்கிறவர் வீட்டு ஆண். கல்யாணம் பேசும்போதும் எல்லைத் தகராறிலும் கோயில் கூட்டத்திலும் அதுதான் முறை. மனைவி கண்டதைப் புருஷன் சொல்வதில் பொய் என்ன இருக்கிறது? அத்தான் தலைப்பாகை கட்டி, வள்ளத்தில் போய், சாட்சிக் கூண்டில் ஏறி, அக்கா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான், "இதை நீர் கண்டீரோ?" என்று கேட்டபோது, "நான் காணேல்லை ஐயா, என்ரை மனிசி கண்டவ. அவ பொய் சொல்லமாட்டா" என்றார். அவ்வளவுதான், வழக்கு சரிந்தது. மனைவி எங்கே என்று நீதவான் கேட்டிருக்கிறார். அத்தானுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நான் இருக்கேக்கை அவ ஏன் ஐயா கடல் தாண்டி வரவேணும்?" என்றாராம். மற்ற ஆள் விடுதலையாக, நாகுகன்றும் அவரோடு போய்விட்டது. நீதவானுக்கு மாடும் தெரியாது, மனிதரும் தெரியாது என்று ஊர் தீர்ப்பளித்தது. நான் விடுமுறையில் வந்தபோது அக்கா என்னிடம் காரணம் கேட்டாள். "அது சட்டம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். சாட்சியச் சட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவனிடம் வேறு என்ன விடை இருக்கும்?

ஆகவே அவள் இப்போது மறுபடியும் கேட்டபோது எனக்குச் சினம் வந்தது. "இது உன்ரை மாட்டு வழக்குப் புத்தகமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம்" என்றேன்.

"பரீட்சையிலை மாட்டு வழக்குக் கேட்கமாட்டினமோ?"

"கேட்பினம். வேறை மாதிரிக் கேட்பினம்."

"அப்ப இந்த மாதிரிக் கேட்டாலே உனக்குத் தெரியாது. வேறை மாதிரிக் கேட்டால் என்ன செய்வாய்?"

நான் குனிந்து புத்தகங்களை வெயில் பக்கம் திருப்பி வைத்தேன். 

உண்மையில் அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மூன்றில் மிகத் தடித்ததை வைத்துக்கொள்வது என்று. கறுப்புத் தோல் கட்டு, முதுகில் பொன் எழுத்து, தூக்கிவைத்தால் மேசை ஒருமுறை முனகும். தடித்த புத்தகத்தைக் கண்டால் மரியாதை கொடுக்கும் வியாதி எனக்கு இன்றும் உண்டு. ஏற்கெனவே ஒரு பெரிய நூல் என்னைக் கவிழ்த்தது நினைவில் இருந்தும், பயந்தவனுக்குப் பெரிய புத்தகம் தருகிற தைரியமே தனி. இரண்டாவது, பச்சைத் துணிக் கட்டு, மெல்லியது, பரீட்சைக்காரருக்கென்றே இங்கிலாந்தில் எழுதப்பட்டது. மூன்றாவதற்கு அட்டையும் இல்லை, எழுதியவர் பெயர் இருந்த தாளும் இல்லை. ஓரம் முழுவதும் எண்ணெய்க் கறை. அதை முதலில் திருப்பி அனுப்புவதாக இருந்தேன்.

அக்கா அடுத்த நாள் காலை என்னைப் பட்டிக்குக் கூப்பிட்டாள். கறுப்புப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னாள். "நான் கறக்கிறன். நீ வாசி. எங்கடை வழக்கு ஏன் தோத்தது எண்டு உது சொல்லுதோ பாப்பம். தமிழிலை சொல்லவேணும், எனக்கு விளங்கவேணும்" என்றாள்.

நான் கல்வேலியில் இருந்து வாசித்தேன். கேள்விச் சாட்சி, அதாவது தான் காணாமல் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது, அதைப் பற்றி அந்த நூலில் அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. ஒரு நீதிபதி இப்படிச் சொன்னார் என்றேன். இன்னொரு நீதிபதி அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மூன்றாமவர் இரண்டு பேரையும் ஒத்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னார் என்றேன். ஒரு பசு கறந்து முடிந்து அடுத்த பசுவும் முடிந்தது. அக்கா செம்பை நிமிர்த்தி வைத்தாள்.

"உதுக்குள்ளை எத்தினை பேர் கதைக்கினம்?"

"கனபேர்."

"கடைசியிலை ஆர் சொன்னது சரி எண்டு எழுதினவன் சொல்லுறானோ?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். சொல்லியிருக்கவில்லை. அல்லது சொல்லியிருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

"உது வழக்குப் பேசத் தெரிஞ்சவனுக்கு உதவும் தம்பி. படிக்கிறவனுக்கில்லை" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொழும்பில் பெரிய பெரிய விரிவுரையாளர்கள் கைகாட்டிய நூலை ஒரு செம்புப் பாலோடு தள்ளிவிட்டாளே என்று. ஆனால் அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அதுதான் எரிச்சல்.

பச்சைப் புத்தகத்தை மத்தியானம் குசினிக்குள் வாசித்தேன். அவள் நெய் உருக்கிக்கொண்டிருந்தாள். அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேள்விச் சாட்சி எடுக்கப்படாது, விதிவிலக்குகள் இவை என்று எழுதி, விதிவிலக்குகளுக்கு இலக்கம் போட்டிருந்தார்கள். மனப்பாடத்துக்கு அருமையாக இருந்தது. எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"ஏன் எடுக்கப்படாது?" என்றாள்.

"ஏன் எண்டு போடேல்லை."

"நீதவானும் எங்களுக்கு ஏன் எண்டு சொல்லேல்லை. நீயும் சொல்லேல்லை. உந்தப் புத்தகத்துக்கும் உங்கள் ரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" என்று நெய்யைக் கிண்டியபடியே கேட்டாள். அத்தான் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். மாட்டிக்கொண்டவன் நான் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அட்டையில்லாத மூன்றாவதை எடுக்கும்போது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பத்து நாளில் நாலு நாள் போய்விட்டது. பட்டியில் பழையபடி கல்வேலியில் இருந்து தொடங்கினேன். எழுதியவர் யாரோ, அவர் ஒரு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும். விதியைச் சொல்வதற்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருந்தார். ஒருவன் சந்தையில் ஒரு களவைக் காண்கிறான், வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொல்கிறான், தம்பி கோட்டுக்கு வருகிறான். பிறகு வாசிக்கிறவனைப் பார்த்துக் கேட்பதுபோல எழுதியிருந்தார். கண்டவன் எவ்வளவு தூரத்தில் நின்றான் என்று தம்பியிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? வெயில் கண்ணில் அடித்ததா என்று கேட்டால்? களவெடுத்தவனோடு அண்ணனுக்குப் பழைய பகை உண்டா என்று கேட்டால்? தம்பி நல்லவன்தான், ஆனால் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் வீட்டில் இருக்கிறான். சத்தியம் செய்யாதவனுடைய கண்ணை, கேள்வி கேட்க முடியாதவனுடைய நினைவை, முகம் தெரியாதவனுடைய சொல்லை நம்பி இன்னொரு மனிதனை எப்படிச் சிறைக்கு அனுப்புவது? ஆகவே, காணக்கூடிய ஒன்றென்றால், கண்டவரே வந்து கண்டேன் என்று சொல்லவேண்டும்.

நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா கறப்பதை நிறுத்திவிட்டாள்.

"திருப்பிச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னேன்.

"அப்ப நீதவான் எங்களிலை பிழை பிடிக்கேல்லை. அத்தானைப் பொய்யன் எண்டும் சொல்லேல்லை."

"இல்லை."

"என்னைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். நான் அங்கை இல்லை."

"ஓம்."

ஒரு ஆண்டாக ஊர் முழுவதும் அந்த நீதவானைத் திட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒருத்திதான் அன்று அந்த மனிதரின் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். தோற்ற வழக்கில் தோற்கடித்தவருடைய நியாயத்தைக் காண ஒரு மனம் வேண்டும். என் தொழிலில் நான் கண்ட கட்சிக்காரர்களில் அந்த மனம் இருந்தவர்களை இரண்டு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. "கன்று தாயிட்டை ஓடினதை நான் கண்டனான். கன்று தன்ரை தாய் எது எண்டு சொன்னமாதிரித்தானே அது? கன்று சொன்னதை நான் போய்ச் சொன்னால் அதுவும் கேள்விச் சாட்சியோ?" என்று கேட்டாள்.

நான் திகைத்துப்போனேன். இப்படி ஒரு கேள்வியை எந்த விரிவுரையிலும் யாரும் கேட்டதில்லை. புத்தகத்தைத் தேடினேன். கன்றும் இல்லை, மாடும் இல்லை. மூடிவைத்துவிட்டு யோசித்தேன். ஏன் எடுக்கப்படாது என்று அந்த வாத்தியார் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகக் கன்றுக்குப் போட்டுப் பார்த்தேன். கன்று சத்தியம் செய்யாது, சரி. ஆனால் கன்று யாரையும் ஏமாற்ற ஓடவில்லை. அதற்குப் பகையும் இல்லை, வழக்கும் இல்லை. அது எதையும் சொல்லவில்லை, ஓடியது. ஓடியதைக் கண்டது அக்கா. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், எந்தப் பசு என்று அக்காவைக் கேட்கலாம். "இல்லை. கன்று கதைக்கேல்லை. நீ கண்டதைத்தான் நீ சொல்லுறாய். அது எடுபடும்" என்றேன்.  சாட்சியச் சட்டத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு விடை வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதிலை இல்லாததுக்கும் உன்னாலை மறுமொழி சொல்ல ஏலுது. அந்தப் புத்தகம்தான் உனக்கு. மற்ற ரண்டையும் நாளைக்கு வள்ளத்திலை அனுப்பு" என்றாள்.

பின்னாளில் என்னிடம் வந்த மாணவர்கள் எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டால், நான் பெயர் சொல்வதில்லை. உன்னைக் குடைகிற ஒரு கேள்வியைக் கொண்டுபோய் அதன் முன் வை, உன் வீட்டில் இருக்கும் யாருக்காவது உன் பாஷையில் அதன் விடையைச் சொல், தடக்காமல் சொல்ல வந்தால் வாங்கு என்பேன். அவர்கள் அதை என் அனுபவம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் பலகாலம் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அது என் அற்பத்தனம்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பட்டியில் ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டோம். சாகும் தறுவாயில் ஒருவர் சொன்னதை ஏன் எடுக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பொலிசிடம் ஒத்துக்கொண்டதை ஏன் எடுக்கமாட்டார்கள் என்று கேட்டாள். அதற்கு அந்த வாத்தியார் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, "ஆள் கெட்டிக்காரன். பொலிசையும் தெரிஞ்சிருக்கு, மனிசரையும் தெரிஞ்சிருக்கு" என்று மெச்சினாள். காணி உறுதிப் பத்திரத்துக்கு எதிராக வாய்ச்சாட்சி நிற்காது என்பதை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மூன்று நாள் என்னோடு வாதாடினாள். அந்த மூன்று நாளில்தான் எனக்கு அந்தப் பாடம் தலையில் ஏறியது. அத்தான் சில நாட்களில் வைக்கோல் போடுகிற சாட்டில் வந்து நின்று கேட்பார். ஒருநாள், "உங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை நான் வாய் திறந்தால் என்னையும் கூண்டிலை ஏத்துவியள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பினேன். மூன்றாவது கேள்வியில் ஒரு குதிரை வந்தது. களவுபோன குதிரையை அவிழ்த்துவிட, அது யாரும் ஓட்டாமல் தானாக நடந்து ஒருவனுடைய லாயத்துக்குள் போகிறது. அதைக் கண்ட சேவகன் சொல்வது எடுபடுமா, காரணத்துடன் எழுதுக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வை செய்துகொண்டு நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து, எதிரே அக்கா குந்தியிருந்து பால் கறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு அவள் ஏன் என்று கேட்டாள். ஒவ்வொரு ஏனுக்கும் விடை எழுதினேன்.

தேறிவிட்டேன். அறிவித்தல் தந்தியில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து வள்ளக்காரர் கையில் நெடுந்தீவுக்கு வந்தது. அப்பு தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான். பெரிய மாமாவின் கடிதம் அலுமாரியில் இருந்து எப்போது எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இனி எங்கடை வழக்கைத் திரும்ப எடுக்கலாந்தானே? இப்ப நான் வந்து சொல்லுவன்."

 மூன்று மாதமாக அவள் எனக்காகப் பட்டியில் பாடம் கேட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்காகவும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் அந்தக் கூண்டில் ஏறத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் அதைக் காணவில்லை. எதிரே இருந்து மூன்று மாதம் கேள்வி கேட்ட ஒருத்தியின் மனதை வாசிக்காமல், புத்தகத்தை மட்டும் வாசித்திருக்கிறேன்.

"ஏலாது அக்கா. விசாரிச்சு விடுதலை செய்த ஆளை அதே குற்றத்துக்குத் திரும்ப விசாரிக்க ஏலாது" என்றேன்.

அவள் காரணம் கேட்கவில்லை.  "அப்ப அண்டைக்கு நான் சொல்லாமல் விட்டது, விட்டதுதான்" என்றாள். பிறகு எழுந்து போய் மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தாள். சாட்சியச் சட்டத்தைப் பற்றி எத்தனையோ மேதைகள் எழுதியதைப் பிறகு படித்திருக்கிறேன். அந்த ஒரு வசனம் தந்த வலியை எதுவும் தரவில்லை.

அடுத்த ஆண்டு நான் ஊர்காவற்றுறையில் ஒரு மூத்த பிறக்கிறாசியிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வளவுக்காரர் எங்கள் எல்லைக் கல்வேலியை இரண்டு முழம் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார் என்று வழக்கு. கல் பெயர்த்ததைக் கண்டவள் அக்கா. வழக்கன்று காலை வள்ளம் வந்து சேர்ந்தது. அத்தான் இறங்கினார். அவருக்குப் பின்னால் சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா இறங்கினாள். நெடுந்தீவில் இருந்து நாலு குடும்பம் வாய்பார்க்க வந்திருந்தது. அவர்களில் ஒரு கிழவர், புருஷன் இருக்க இவள் ஏன் ஏறுகிறாள் என்று பலருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

வழக்குக் கூப்பிட்டார்கள். அக்கா கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். பட்டியில் என்னைக் கேள்வி கேட்ட அதே குரல். எதிர்க்கட்சிப் பிறக்கிறாசி எழுந்து, மொழிபெயர்க்கும் முதலியார் மூலமாகக் குறுக்குக் கேள்வி தொடங்கினார். கல்லை எத்தனை பேர் தூக்கினார்கள் என்றார். இரண்டு பேர் என்றாள். தூக்கச் சொன்னது தன் கட்சிக்காரர்தான் என்று எப்படித் தெரியும் என்றார்.

"அது எனக்குத் தெரியாது ஐயா. சொன்னதை நான் கேட்கேல்லை. அவர் பக்கத்திலை நிண்டதைக் கண்டனான். அவ்வளவுதான்" என்றாள்.

அவர் எதிர்பார்த்த விடை அதுவல்ல. கடதாசியைப் புரட்டினார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவள் கண்டதைக் கண்டேன் என்றாள், காணாததைக் காணவில்லை என்றாள். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் இங்கே இருக்கிறாரே, அவர் வந்து சொல்லாமல் இவர் ஏன் வந்தார் என்று கேளுங்கள் என்றார். முதலியார் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீதவானைப் பார்த்தாள்.

"கண்டது நான் ஐயா. அவருக்கு ஒண்டும் தெரியாது."

பின்வரிசை வாங்கில் இருந்து அத்தான் எழுந்தார். கோட்டில் கேளாமல் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

"ஓம் ஐயா, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

முதலியார் இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் தலையை அசைத்துவிட்டு, அக்காவின் சாட்சியை எழுதத் தொடங்கினார்.